“சும்மா சென்சார் கம்ப்ளைன்ட்” என்று ஒதுக்க முடியாத விளக்கு

ஏர்பேக் விளக்கோ ஏபிஎஸ் விளக்கோ அணையாமல் எரிகிறது என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான்: “அது சும்மா சென்சார் கம்ப்ளைன்ட் சார். வண்டி ஓடுறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்கேனர் போட்டு அழிச்சு விட்டுடலாம்.” சொல்கிறவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. இன்ஜின் விளக்கு எரிந்தபடியே மாதக்கணக்கில் ஓடிய வண்டிகளைப் பார்த்த பழக்கத்தில், உண்மை என்று நம்பித்தான் சொல்கிறார். ஆனால் அந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூடத் தேறாது.

“வண்டி ஓடுறதுக்கு ஒண்ணும் ஆகாது.” ஓடும்தான். ஏர்பேக்கின் வேலை வண்டி மோதி நிற்கும்போதுதான் வருகிறது. சாவி போட்டதும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு மின்சுற்றிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அதன் தடையை அளக்கிறது. பலூனை விரிக்கும் தீமூட்டியின் தடை சுமார் 2 ஓம். வயர் அறுந்தாலோ, கனெக்டரில் பச்சை பிடித்தாலோ அந்த அளவு மாறும், விளக்கு எரியும். அந்த நிலையில் மோதினால் என்ன ஆகும்? சில வண்டிகளில் கோளாறான சுற்று மட்டும் வேலை செய்யாது. சிலவற்றில் மொத்த அமைப்புமே ஒதுங்கிவிடும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை விளக்கைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. முடிவெடுத்துப் பலூனை விரிக்க அந்தப் பெட்டிக்குக் கிடைப்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான்.

ஏபிஎஸ் விஷயத்தில் இதே வாதம் வேறு வேடத்தில் வரும்: “அந்தக் காலத்துல ஏபிஎஸ் இல்லாம ஓட்டலையா?” ஓட்டினோம். ஆனால் அந்தக் கால வண்டியில் பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கத் தனி வால்வு ஒன்று இருந்தது. ஏபிஎஸ் வந்த பிறகு பல வண்டிகளில் அந்த வால்வையே எடுத்துவிட்டு, அந்த வேலையையும் ஏபிஎஸ் பெட்டியிடமே கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பெயர்தான் இபிடி. ஆகவே ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், பிரேக் ஆயிலும் கைப்பிரேக்கும் சரியாக இருக்கும்பட்சத்தில், இபிடியும் போயிருக்க வாய்ப்புண்டு. அழுத்திப் பிரேக் போட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலலாம். பழைய வண்டியைவிடவும் இது மோசம்.

“ஸ்கேனர் போட்டு அழிச்சுடலாம்.” எந்த ஸ்கேனர்? ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் கருவிகளில் பல இன்ஜினின் கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை, மட்டுமே படிக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் பெட்டிகளோடு பேசாது. “கோடு ஒண்ணும் வரலை” என்று அவை காட்டுவது கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. சரியான ஸ்கேனர் கோளாறை இப்போது இருப்பது, முன்பு வந்து போனது என்று பிரித்துக் காட்டும். இப்போது இருக்கிற கோளாறை அழித்தால் அடுத்த சோதனையிலேயே திரும்ப வரும். வந்து வந்து போகிற கோளாறை அழித்தால், எந்தச் சுற்றில் வந்தது என்ற ஒரே துப்பும் போய்விடும். எழுதி வைத்துக்கொள்ளாமல் அழிப்பது மெக்கானிக் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வதுதான்.

இனி “சென்சார் கம்ப்ளைன்ட்” என்ற சொல்லுக்கே வருவோம். பணமும் பொறுமையும் அதிகம் வீணாவது இங்கேதான். சி0035 என்ற கோடு வந்தால் “இடது முன் சக்கர சென்சார் போச்சு” என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடு குறிப்பது இடது முன் சக்கர வேக சென்சாரின் சுற்றை. சுற்று என்றால் சென்சார், அதன் வயர், கனெக்டர் எல்லாம் அடங்கும். சென்சார் படிக்கிற பல்வளையம் கெட்டாலும் பழி இந்தச் சக்கரத்தின் மேல்தான் விழும். பல புதிய வண்டிகளில் பல்வளையமே கிடையாது. வீல் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கிறது. பேரிங் மாற்றும்போது அதைத் திருப்பி அடித்துவிட்டால் காந்தப் பக்கம் வெளியே போய்விடும். சென்சாருக்குப் படிக்க எதுவும் இருக்காது. அதன் பிறகு எத்தனை புது சென்சார் மாற்றினாலும் விளக்கு அணையாது.

நல்ல மெக்கானிக் இதை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் போட்டுக்கொண்டு வண்டியை மெதுவாக உருட்டச் சொல்கிறார். மூன்று சக்கரம் 8 கி.மீ. வேகம் காட்டும்போது ஒன்று பூஜ்யத்திலேயே நிற்கிறதா, அல்லது சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஒருமுறை துள்ளுகிறதா? துள்ளினால் பல்வளையத்தில் விரிசல் இருக்கலாம். சென்சாரைக் கழற்றி அதன் முனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கிறார். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பச் சொல்லி, சக்கரத்தின் பின்னால் இழுபடும் வயரை விரலால் அசைத்துப் பார்க்கிறார். உள்ளே செம்பு அறுந்து மேலுறை மட்டும் முழுசாக இருப்பது அடிக்கடி நடப்பது. சுருள் கம்பி வைத்த பழைய சென்சாரில் மல்டிமீட்டர் ஆயிரம் ஓம் அளவில் காட்டும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் புதிய ரகத்தில் ஓம் அளவை வைத்து நல்லது கெட்டது சொல்லவே முடியாது.

ஏர்பேக் பக்கமும் இதே கதைதான். ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்யவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்டியரிங்குக்குக் கீழே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற வயர் சுருள் மேல் விழவேண்டும். சீட் கவர் போட்ட மறுநாள் விளக்கு வந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறியவை இந்தக் கனெக்டர்கள்தான்.

விளைவு ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில் என்பதற்கு உலகறிந்த சாட்சி கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ். ஏர்பேக் விரியவில்லை என்ற புகார்கள் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் வந்தன. கோளாறு இருந்தது இக்னிஷன் சுவிட்சில். ஓடும்போதே அது நழுவி இன்ஜினை அணைத்தது. ஏர்பேக்குக்கும் மின்சாரம் போகவில்லை. 2014-ல் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட உயிரிழப்புகள் 124.

“பெல்ட் போட்டா போதும், ஏர்பேக் எதுக்கு?” இதில் பாதி உண்மை. முதல் காவல் பெல்ட்தான். பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக்கே காயம் உண்டாக்கும். ஆனால் மோதும் கணத்தில் பெல்ட்டைச் சுண்டி இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனரும் ஒரு சிறு வெடிமருந்துதான். அதற்கு உத்தரவு போவதும் அதே பெட்டியிலிருந்துதான். பெட்டி ஒதுங்கினால் பெல்ட்டும் அரைப்பலம்தான்.

கடைசியாக ரெசிஸ்டர் வைத்தியம். “ரெண்டு ஓம் ரெசிஸ்டர் போட்டா லைட் அணைஞ்சிடும் அண்ணே.” அணையும், அதில் சந்தேகமில்லை. ஏர்பேக்குக்குப் பதிலாக அதே தடையைச் செருகிப் பார்ப்பது முறையான சோதனைதான். கோடு போனால் கோளாறு பலூன் பக்கம்; போகாவிட்டால் வயர் பக்கம். பார்த்ததும் கழற்றிவிட வேண்டும். அதை அங்கேயே விட்டு டேப் சுற்றி மூடுவது, பலூன் இருக்கிறது என்று பெட்டியிடமும் ஓட்டுபவரிடமும் பொய் சொல்வது. எரிகிற விளக்காவது எச்சரித்தது. இதைச் செய்து கொடுப்பவரைக் கெட்டிக்காரர் என்று புகழ்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. உண்மையான ஏர்பேக்கின் முனையில் மல்டிமீட்டரை வைப்பதும் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கவைக்கலாம். பேட்டரியைக் கழற்றி, பெட்டிக்குள் சேமித்த மின்சாரம் வடிய, தயாரிப்பாளர் கையேடு சொல்கிற நிமிடங்கள் காத்திருந்த பிறகே மஞ்சள் கனெக்டரில் கை வைக்கவேண்டும்.

செலவு அதிகம் என்பது நியாயமான குறை. சில இடங்களில் கனெக்டரைச் சுத்தம் செய்தால் தீரும் கோளாறுக்கு மொத்தப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு மாற்று, காரணத்தைத் தேடச் சொல்லி அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பது. கோடு எண்ணை எழுதி வாங்குங்கள். எந்த அளவைப் பார்த்து இந்தப் பாகம் என்று முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். சாவி போட்டதும் அதன் விளக்கு சில நொடி எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால், அல்லது வேறொரு விளக்கோடு சேர்ந்தே அணைந்தால், யாரோ அந்த விளக்கில் கை வைத்திருக்கக் கூடும். ஸ்டியரிங் மூடியையும் சீட்டுக்கு அடியையும் திறந்து பார்க்க விற்பவர் சம்மதிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.