ஈரத்தில் நிற்கும் டயருக்குக் கொடுங்கள் காசை

தூத்துக்குடியில் வீடு, திருநெல்வேலியில் வேலை. அல்லது பாளையங்கோட்டையில் வீடு, துறைமுகத்தில் வேலை. நாற்கரச் சாலை வந்ததிலிருந்து இந்த ஐம்பது கிலோமீட்டரைத் தினமும் காரில் போய்வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஊருக்குள்ளும் அப்படித்தான். ஸ்பிக் நகர், தெர்மல் நகர், முத்தையாபுரம் பக்கம் போகிறவர்கள் ஒருபுறம். 2025 ஆகஸ்டில் சிப்காட்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்குப் போகிறவர்கள் மறுபுறம். இவர்களில் இளவயதுக்காரர்கள் ஆசைப்படுவது ஸ்விஃப்ட், பலேனோ, ஆல்ட்ரோஸ், ஐ20 என் லைன் மாதிரியான கார்கள்மீது. விலை கைக்கு அடங்கும். மிதித்தால் சுறுசுறுப்பாகவும் ஓடும்.

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஆனதும் பட்டன் தேய்ந்து டயர் மொட்டையாகத் தொடங்கும். கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, ஒரு சைஸ் கூட்டிப் போட்டுருவமா? வண்டி பாக்க கும்முனு இருக்கும்."

வேண்டாம் என்று சொல்வதே நல்லது. காரணம் கணக்கில் இருக்கிறது.

டயரில் எழுதியிருக்கும் அளவில் முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது அந்த அகலத்தில் சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின், உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஸ்விஃப்டின் ஆரம்ப மாடலுக்கு 165/80 ஆர் 14. உயர் மாடலுக்கு 185/65 ஆர் 15. பலேனோவில் ஆரம்ப மாடலுக்கு அதே 185/65 ஆர் 15. உயர் மாடலுக்கு 195/55 ஆர் 16. ஐ20 என் லைனுக்கும் இந்தப் பதினாறு அங்குலம்தான். மூன்றின் மொத்த விட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் 620, 621, 621 மில்லிமீட்டர் என்று வரும். அதாவது தரையில் உருளும் சக்கரம் மூன்றிலும் ஒரே உயரம். மாறுவது சைடுவால் மட்டும்: 132 மில்லிமீட்டர், 120, 107. ரிம் பெரிதாகப் பெரிதாக, இரும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் குறைகின்றன. வளைவில் வண்டி சற்று இறுக்கமாகத் திரும்பும் என்பது உண்மை. அந்த இறுக்கத்துக்கு இந்த ஊர்ச் சாலையில் கொடுக்கும் விலைதான் பெரிது.

துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் நிலக்கரி லாரிகளும் இரவுபகலாக ஓடுகின்றன. பாரம் தாங்காமல் ஓரம் உடைந்த தார்ச்சாலையில் பள்ளங்கள் நிரப்பப்படுவதும் மீண்டும் விழுவதும் வாடிக்கை. திருநெல்வேலிச் சாலையில் வல்லநாட்டுத் தாமிரபரணிப் பாலத்தில் கான்கிரீட் பெயர்ந்து ஓட்டை விழுந்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. அப்படியொரு பள்ளத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், குட்டையான சைடுவால் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்குகிறது. உள்ளேயிருக்கும் நூல் இழைகள் அறுகின்றன. மறுநாள் பக்கவாட்டில் பலூன்போல ஒரு வீக்கம் தெரியும். அதற்கு ஒட்டும் கிடையாது, பஞ்சர் வேலையும் கிடையாது. போன மாதம் வாங்கிய டயராக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். அலாய் வீலும் நெளிந்திருந்தால் செலவு இரட்டிப்பு.

ஆகவே கம்பெனி கொடுத்த அளவைத் தாண்டாமல் இருப்பதே முதல் சிக்கனம். இன்னும் ஒருபடி கீழே இறங்கவும் வழியுண்டு. பதினாறு அங்குல பலேனோ வைத்திருப்பவர், அதே காரின் ஆரம்ப மாடலுக்குக் கம்பெனியே போட்டுத்தரும் பதினைந்து அங்குல ரிம்முக்கு மாறலாம். டயருக்கு டயர் விலை குறையும், பள்ளத்துக்கும் தாங்கும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள ஐ20 என் லைன் போன்ற வண்டியில் மட்டும், சின்ன ரிம் பிரேக்கில் இடிக்காமல் அடங்குமா என்று சரிபார்க்காமல் கைவைக்கக் கூடாது. எந்த மாற்றமானாலும் காரின் கையேட்டில் இருக்கும் அளவுக்குள் நிற்பது காப்பீட்டுக்கும் நல்லது.

அளவுக்குப் பிறகு வருவது ரகம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

தூத்துக்குடி வெயிலை நம்பிப் பிழைக்கும் ஊர். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு இந்தக் கடற்கரையில். வேப்பலோடை முதல் ஆறுமுகநேரி வரை பாத்திகள் காய்வதற்கு மழையில்லாத மாதங்கள் வேண்டும், இருக்கவும் செய்கின்றன. இப்படி ஆண்டில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும் ஊரில் "மழைக்குப் பிடிமானம்" என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். "ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் மழை வராத ஊரில்தான் முதல் மழை ஆபத்தானது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெய், ரப்பர்த் தூள், நிலக்கரிப் பொடி, புழுதி எல்லாம் முதல் தூறலில் குழைந்து வழுக்கும் பசையாகின்றன. பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தால் கொஞ்சமாகவும் வருவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மாவட்டம் மறக்காது. அந்த வெள்ளத்தில் எந்த டயரும் உதவியிருக்காது. அன்று வண்டியை எடுக்காததே புத்திசாலித்தனம். பேச்சு அதைப் பற்றியது அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாதாரணமாகப் பெய்யும் மழையில், வாகைக்குளம் தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் ஒரு லாரி திடீரென நின்றால் கார் நிற்குமா என்பதே கேள்வி.

டயர் செய்பவர்களுக்கு மூன்று கயிறுகளை ஒரே நேரத்தில் இழுக்கும் வேலை: நீண்ட உழைப்பு, ஈரத்தில் பிடிமானம், எரிபொருள் சிக்கனம். ஒன்றை இழுத்தால் மற்றவை தளரும். ரப்பரைக் கெட்டியாக்கினால் தேய்மானம் குறையும், ஈரத்தில் பிடி விடும். மிஷெலின் நிறுவனம் 1992-ல் கார்பன் கருப்புக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்த டயரைக் கொண்டுவந்த பிறகு இந்த இழுபறி ஓரளவு தளர்ந்தது. ஈரப் பிடிமானத்தை அதிகம் இழக்காமலே எரிபொருளை மிச்சப்படுத்த முடிந்தது. இழுபறி முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதனால்தான் ஒரே நிறுவனம் ஒரே அளவில் இரண்டு குணமுள்ள டயர்களை விற்கிறது. அப்போலோவில் அமேசர் உழைப்புக்கு, ஆல்நாக் பிடிமானத்துக்கு. சியட்டில் மைலேஸ் உழைப்புக்கு, செக்யூராடிரைவ் பிடிமானத்துக்கு. விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. ஸ்போர்ட்டி காருக்கு உழைப்பு டயரை மாட்டுவது, அந்த எஞ்சினுக்குக் கொடுத்த பணத்தை வீணாக்குவது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அகல ரப்பர்தானே.

உழைப்புக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மில்லர்புரத்திலிருந்து துறைமுகத்துக்கும் பள்ளிக்கும் கடைக்குமாக நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஆண்டுக்கு ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவார். ஒரு லட்சம் கிலோமீட்டர் டயரைத் தேய்க்க அவருக்கு இருபது ஆண்டு ஆகும். அதற்கு முன்பே வெயிலிலும் கடற்காற்றிலும் நின்று ரப்பர் வெடித்துப் போகும். அவர் உழைப்புக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண். தினமும் நூறு கிலோமீட்டர் போய்வருகிறவர் கதை வேறு. ஆண்டுக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் அவருக்கு டயரின் ஆயுள் பொருட்டுதான். ஆனாலும் ஈர நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவரும் அவரே. அவர் உழைப்புக்கும் பிடிமானத்துக்கும் நடுத்தரமான டூரிங் ரகம் ஒன்றை வாங்கி, ஒழுங்காகக் காற்றடித்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம்.

எப்போது மாற்றுவது? சட்டம் கார் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழம்வரை அனுமதிக்கிறது. பட்டன்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் சிறு மேடு அதைக் காட்டிக்கொடுக்கும். அதுவரை இழுப்பது சிக்கனம் ஆகாது. இங்கிலாந்தின் மீரா ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனையில், ஈரச் சாலையில் 8 மில்லிமீட்டர் பட்டனுள்ள டயரைவிட 1.6 மில்லிமீட்டர் டயர் நிற்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் தூரம் எடுத்தது. 3 மில்லிமீட்டர் வந்ததும், அதுவும் ஐப்பசிக்கு முன்பே, மாற்றிவிடுவது அறிவு.

கடையில் டயரைக் காட்டியதும் பார்க்க வேண்டியது தேதி. சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். தள்ளுபடி என்று அழைத்துக் கொடுக்கும் டயர் சில நேரம் இரண்டு ஆண்டு கிடங்கில் கிடந்ததாக இருக்கும். ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டைத் தாண்டிப் பயன்படுத்தவே கூடாது என்பது பெரிய நிறுவனங்களின் பரிந்துரை. மொட்டை வெயிலில் நிறுத்தும் இந்த ஊரில் ஆறு ஆண்டு போதும். ஸ்டெப்னிக்கும் வயது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய டயரைப் பாதி விலைக்கு வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பார்க்கப் பட்டன் நிறைய இருக்கும்; உள்ளே அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரேடிங் லாரிக்கு நன்றாக நடக்கும் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காருக்கு அந்த வழி வேண்டாம். வெளிநாட்டு மலிவு டயர் என்ற தேடலும் அநேகமாக வீண்வேலை: 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். நல்ல டயருக்குக் கடல் கடக்கத் தேவையும் இல்லை. அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய்க்கண்டிகையில் மிஷெலின் என்று டயர் செய்யும் மாநிலம் இது.

விலையும் இப்போது சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியில்லாமல் 5,000 ரூபாய் என்றால் முன்பு 6,400, இப்போது 5,900. நான்கு டயருக்கு இரண்டாயிரம் மிச்சம். அந்த இரண்டாயிரத்தை அகலத்தில் போடாமல் ரகத்தில் போட வேண்டும். பில்லில் வரி விகிதத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

நான்கும் ஒருசேர வாங்க முடியாதவர்கள் இரண்டு வாங்கினால், கடையில் புது டயரை முன்னால் மாட்டுவார்கள். இழுப்பது முன்சக்கரம் என்பது அவர்கள் நியாயம். புதியது பின்னால் இருப்பதே பாதுகாப்பு. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரை விட்டால் பிடிக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். உப்புக்காற்று அலாய் ரிம்மின் உள்விளிம்பை அரிக்கும். டயர் உட்காரும் அந்த விளிம்பில் பொருக்குத் தட்டினால், பஞ்சரே இல்லாமல் வாரத்துக்கு வாரம் காற்று இறங்கும். புது டயர் மாட்டும்போது அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். வால்வையும் மாற்ற வேண்டும். நைட்ரஜன் அவசியமில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். வீல் அலைன்மென்டும் பேலன்சிங்கும் அவசியம்.

இவ்வளவையும் வாங்குகிறவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு புது டயரிலும் ஈரப் பிடிமானத்துக்கு ஓர் எழுத்துத் தரம் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைக்குப் போகிற யாரும் படித்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்பில் வரும் டயர்கள் ஈரப் பிடிமானம், உருளும் தடை, இரைச்சல் மூன்றிலும் குறைந்தபட்ச அளவை எட்ட வேண்டும் என்று விதி வந்தது. அந்தச் சோதனையின் விடை நிறுவனத்திடமும் அரசிடமும் இருக்கிறது. பணம் கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திரம் பார்த்து வாங்கப் பழகிய மக்கள் டயருக்கும் பழகிக்கொள்வார்கள். ஈரப் பிடிமானத் தரத்தை ஒவ்வொரு கார் டயரிலும் கட்டாயமாக ஒட்ட மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட வேண்டும். எழுத்து தமிழிலும் இருக்க வேண்டும். அது வரும்வரை, புரட்டாசி முடிவதற்குள் உங்கள் காரின் ஐந்து டயர்களையும் குனிந்து பாருங்கள்: பட்டன் எவ்வளவு, தேதி என்ன, பக்கவாட்டில் வீக்கம் உண்டா.