வரி உயர்வும் கழிவுநீர் லாரியும்



எதிர்க்கட்சியில் இருந்தால் சொத்து வரி உயர்வு மக்கள் விரோதம். ஆளுங்கட்சியானால் காலத்தின் கட்டாயம். 2018-இல் எடப்பாடி பழனிசாமி அரசு வரியை உயர்த்தியபோது எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலின் கொதித்தார். மறு ஆண்டு நவம்பரில் உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரம் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்! 2022 ஏப்ரலில் இருவரும் இடம் மாறியிருந்தார்கள். 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்கே 25 விழுக்காடு உயர்வு. அ.தி.மு.க. ஆர்ப்பாட்டம் நடத்தியது, பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனை என்றார் அமைச்சர் கே.என். நேரு.

நிபந்தனை இருந்தது உண்மைதான். ஆனால், கூடுதலாக வசூலான பணத்தில் எந்தத் தெருவுக்கு என்ன கிடைத்தது என்று அமைச்சரைப் புள்ளிவிவரத்தோடு மடக்கியிருந்தால் எதிர்ப்புக்கு எடை கூடியிருக்கும்.

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் ஊரப்பாக்கம் நகராட்சி அல்ல, ஊராட்சி. அந்த உயர்வு எங்களைத் தொடவில்லை. அதற்காக நிம்மதி என்று எண்ண வேண்டாம். அடுக்குமாடிகள் பெருகிவிட்டன, பாதாளச் சாக்கடை வரவில்லை. தொட்டி நிறைந்தால் லாரிக்குப் போன் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஓட்டுநர் சொல்வதே கூலி. ரசீது கிடையாது. இதுவும் வரிதானே?

பக்கத்திலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு நெரிசலும் சேர்ந்துகொண்டது. சட்டமன்றத்தில் வெளிநடப்பு செய்யும் உறுப்பினர்கள், அதற்கு முன் ஐந்து நிமிடம் இருக்கையில் அமர்ந்து, புறநகர் ஊராட்சிகளுக்குப் பாதாளச் சாக்கடை எப்போது என்று கேட்டுப் பதிலை அவைக் குறிப்பில் ஏற்ற வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், ஊரப்பாக்கம்