விருந்தாளிக்கு முள்கரண்டி, உறவுக்குப் பூண்டு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதற்கு மேல் தங்கினால் வந்தவருக்கும் சங்கடம், வீட்டுக்காரருக்கும் சலிப்பு. கொரியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்கு மட்டும் அந்த மூன்று நாளைப் பன்னிரண்டு மாதமாக நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை ஒப்பந்தம் ஓராண்டுக்கு. விசாவும் அந்த ஒப்பந்தத்தை ஒட்டித்தான். ஆண்டு முடியும்போது புதுப்பிக்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டலாம்.

பெட்டி கட்டுபவர்கள்தான் அதிகம் என்பது இங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவரோடு பழகத் தொடங்கினால், அவர் கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருக்கும் முதல் கேள்வி, “நீங்கள் எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?” என்பதுதான்.

காதலைப் பற்றிப் பேசுமுன் விசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். “நாங்களும் அங்கே வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா?” என்று கேட்கும் இளையர்கள் பலர். ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசாவைக் கொரியா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் தருகிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்திருந்தாலும், சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நான் கிள்ளானில் பிறந்தவள்தான். ஆனால் பத்து வயதில் பெற்றோருடன் பெர்த்துக்குப் போய், அங்கேயே படித்து, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவள். பட்டச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கொடுத்துத்தான் பூசானுக்கு வந்தேன். வருகிற மாதத்தோடு இரண்டு ஆண்டுகள் முடிகின்றன.

நான் வேலை செய்வது ஒரு ‘ஹாக்வொன்’. நம் ஊர் டியூஷன் நிலையம் மாதிரிதான், ஆனால் இங்கே அது ஒரு பெரிய தொழில். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக இங்கே வருவார்கள். எனக்கு மதியம் வேலை தொடங்கி இரவு முடியும். இந்த நாட்டில் ஆங்கிலத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் நவம்பர் மாதப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பாருங்கள். ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் இறங்கவும் விடுவதில்லை. மாணவர்களுக்கு இரைச்சல் கேட்கக் கூடாதாம்.

அப்படிப்பட்ட மொழியைக் கொண்டுவருபவர் என்பதால் விருந்தாளிக்குக் குறையொன்றும் வைப்பதில்லை. பல ஹாக்வொன்கள் தங்க இடம் தருகின்றன, விமானச் சீட்டும் எடுத்துத் தருகின்றன. ஓராண்டை முழுதாக முடித்தால் சட்டப்படி ஒரு மாதச் சம்பள அளவு பணிக்கொடை உண்டு. கடையில் “அன்யொங்ஹாசேயோ” என்று வணக்கம் மட்டும் சொன்னால் போதும், “கொரிய மொழி எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!” என்று பாராட்டு வந்துவிடும்.

எல்லா விருந்தாளிக்கும் ஒரே இலை போடுவார்கள் என்று சொல்லமாட்டேன். வேலைக்கு விண்ணப்பித்தபோது ஓரிடத்தில் சான்றிதழைக் கேட்குமுன் புகைப்படம் கேட்டார்கள். அனுப்பிய பிறகு பதிலே இல்லை. டாக்சி ஓட்டுநரிடம் ஆஸ்திரேலியா என்று சொன்னால், “சரி, நிஜமாக எந்த ஊர்?” என்பார். இப்போதெல்லாம் “கிள்ளான்” என்று சொல்லிவிடுகிறேன். அது எங்கே இருக்கிறது என்று யோசிப்பதிலேயே பயணம் முடிந்துவிடும்.

கிம்மை எனக்கு அறிமுகப்படுத்தியவர் உடன் வேலை செய்யும் கொரிய ஆசிரியை. நண்பர்கள் வழியாக இருவரைச் சந்திக்க வைப்பதற்கு இங்கே ‘சொகேதிங்’ என்று பெயர். கொரியாவில் ஐந்து பேரில் ஒருவர் கிம் என்பதால், இந்தப் பெயரை வைத்து அவரை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தேசிய சேவையை முடித்து, துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்.

தொடரில் பார்ப்பதெல்லாம் உண்மைதானா என்று கேட்பவர்களுக்கு: நாள் எண்ணுவது உண்மை. காதலர்கள் நூறாவது நாளைக் கொண்டாடுவார்கள், பிறகு இருநூறு, முந்நூறு. கைப்பேசியில் அதற்கென்றே செயலி இருக்கிறது. முதல் நூறு நாளும் எங்கள் காதலிலும் நான் விருந்தாளியாகத்தான் இருந்தேன். குவாங்கல்லிக் கடற்கரையில் பாலத்து விளக்குகளைப் பார்த்தபடி காப்பி, சகல்ச்சிச் சந்தையில் மீன் சாப்பாடு, பேச்செல்லாம் ஆங்கிலத்தில். உணவுப் பட்டியலைப் படிப்பது, தொலைபேசியில் முன்பதிவு செய்வது, வங்கிக்காரரிடம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் அவர், “பேச்சைக் கீழே வைக்கலாமா?” என்று கேட்டார். மரியாதைப் பேச்சை விட்டுவிட்டு நெருக்கமாகப் பேசலாமா என்பதைக் கொரியர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நமக்கு இது புதிதல்ல. ‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆகிறது என்பது தமிழனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த வரை எங்களுக்குள் அந்தப் படியே இருக்கவில்லை. கொரிய மொழிக்குள் நுழைந்ததும்தான் நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று கேள்வி வந்தது.

கூடவே ‘ஓப்பா’ பிரச்சினையும் வந்தது. தன்னைவிட மூத்த காதலரைக் கொரியப் பெண்கள் அழைக்கும் சொல் அது. அதன் நேர்ப்பொருள், ஒரு பெண்ணுக்கு அண்ணன். அண்ணன் என்று எப்படிக் கூப்பிடுவது? எனக்கு வாய் வரவில்லை. “உங்கள் மொழியில் எப்படி அழைப்பார்கள்?” என்றார். “அந்தக் காலத்தில் அத்தான், மாமா என்பார்கள்” என்றேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி என்றும் விளக்கினேன். “அப்படியானால் நீங்கள் எங்களைச் சிரிக்க முடியாது” என்றார்.

இங்கே காதலனின் வீட்டுக்குப் போவது சாதாரண விஷயமல்ல. கல்யாணப் பேச்சு இருந்தால்தான் பெரும்பாலும் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஓராண்டு பழகிய பிறகு, சூசோக் எனும் அறுவடைப் பண்டிகைக்கு மறுநாள் கிம் என்னைத் தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் அம்மா ‘சொங்ப்யன்’ எடுத்து வைத்தார். அரிசி மாவுக்குள் எள்ளும் சர்க்கரையும் வைத்து, அரைநிலா வடிவில் பிடித்து, பைன் இலை பரப்பி வேகவைப்பது. கடித்ததும் தெரிந்துவிட்டது, இது நம் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை.

அன்று எல்லோருக்கும் சாப்ஸ்டிக்ஸ். என் தட்டருகே மட்டும் பளபளவென்று ஒரு முள்கரண்டி. எனக்காகவே வாங்கியது என்று பிறகு கிம் சொன்னார். அடுத்த முறை போனபோது முள்கரண்டி இல்லை. மூன்றாவது முறை நவம்பர் கடைசியில். குளிர்காலத்துக்குத் தேவையான கிம்சியைக் குடும்பமே கூடிச் செய்யும் ‘கிம்ஜாங்’ நாள். யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்த வழக்கம் அது. அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல், ஒரு சட்டி நிறையப் பூண்டை என் முன்னால் தள்ளினார். இரண்டு மணி நேரம் உரித்தேன். விரலில் வாசனை மூன்று நாள் போகவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே பெரியது அந்தச் சட்டிதான்.

அன்று கிம்மின் அப்பா பேச்சோடு பேச்சாகத் தன் குலக்கதையைச் சொன்னார். கொரியர்களுக்குக் குடும்பப் பெயரோடு ‘பொன்க்வான்’ எனும் பூர்வீக ஊரும் உண்டு. இவர்கள் கிம்ஹே ஊர்க் கிம்கள். குல முதல்வர் சுரோ மன்னர். அவரை மணக்க அயுதா எனும் நாட்டிலிருந்து கி.பி. 48-இல் கப்பலேறி வந்த இளவரசிதான் ஹோ ஹ்வாங்-ஓக் என்று 13-ஆம் நூற்றாண்டு நூலான ‘சாம்குக் யுசா’ சொல்கிறது. கடல் கொந்தளிப்பை அடக்கக் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கற்கோபுரம் அவர் கல்லறையருகே இன்றும் நிற்கிறது. பூசானிலிருந்து இலகு ரயிலில் போய்ப் பார்க்கலாம். அயுதா என்பது அயோத்தி என்று சிலர், இல்லை தமிழ்க் கரை என்று நம்மவர் சிலர். அந்த வழக்கை நான் அவர் வீட்டில் எடுக்கவில்லை. “எங்கள் முதல் பாட்டியும் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்தான்” என்று ஒரு கொரிய அப்பா தானாகச் சொல்லும்போது, வரைபடம் கேட்பது முறையல்ல.

ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீகமும் உள்ளவர்கள் மணக்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருந்தது. நம் கோத்திரம் பார்ப்பது போலத்தான். 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்களுக்கு இருக்கும் நூறு கவலைகளில் அந்தக் கவலை மட்டும் இல்லை.

உறவானால் பூண்டோடு முடிந்துவிடாது. நாம் சீனப் புத்தாண்டு என்று சொல்லும் அதே நாள் கொரியர்களுக்கும் புத்தாண்டு. முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவார்கள். அடுப்படியில் பெண்கள், கூடத்தில் ஆண்கள். பண்டிகை முடிந்ததும் மருமகள்களுக்கு வரும் உடல்வலிக்கும் மனவலிக்கும் ‘பண்டிகை நோய்’ என்று பேரே வைத்திருக்கிறார்கள். திதியும் தீபாவளியும் செய்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் தெரியும், பெயர்தான் புதிது. விருந்தாளியாக இருந்தவரை கூடத்தில் ஆண்களோடு உட்கார்ந்து பழம் தின்ற நான், உறவானால் எழுந்து போக வேண்டும்.

கிம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: “நான் அடுப்படிக்குப் போகத் தயார். நீயும் வந்தால்.” இந்தப் புத்தாண்டுக்கு மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் தேய்த்தேன், அவர் கழுவினார். அத்தைமார் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஈரத் துணியை எடுத்து மகன் தோளில் போட்டுவிட்டு, “தண்ணீரைத் தரையில் சிந்தாதே” என்றார். அவ்வளவுதான். ஒரு வீட்டின் வழக்கம் ஒரு நாளில் மாறிவிடாது. ஆனால் இவர் எழுந்து வராமல் இருந்திருந்தால், வேறு முடிவுக்கு நான் வந்திருப்பேன்.

அரசாங்கத்துக்கும் விருந்தாளி வேறு, உறவு வேறு. எனக்கு இப்போது இருப்பது இ-2. கொரியரை மணந்தவருக்கு எஃப்-6. அதற்கு, இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியும் என்று காட்ட வேண்டும், அழைப்பவருக்குப் போதிய வருமானமும் இருக்க வேண்டும். காதலிக்கிறோம் என்பது அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

என் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கிம்மைப் பற்றிச் சொன்ன அன்று, “காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வந்துடும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் எப்போதும் இங்கே விருந்தாளியாகவே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெற்ற மனத்துக்கு அதில் தப்பில்லை. அம்மா வாரா வாரம் “எப்போ வர்றே?” என்கிறார். கிம்மின் அம்மா “எப்போது போகிறாய்?” என்கிறார். சொல்தான் வேறு, கேள்வி ஒன்றுதான்.

வெளிநாட்டில் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். போன இடத்தில் யாரையாவது பிடித்துப்போனால், நூறாவது நாள் மோதிரம் வாங்குவதற்கு முன்னால், தங்குவீர்களா திரும்புவீர்களா என்பதைப் பேசிவிடுங்கள். விருந்தாளியாகவே இருந்துவிட்டுக் கிளம்புவதும் ஒரு நேர்மையான வழிதான், அதை முதலிலேயே சொல்லிவிட்டால். உங்களுக்கு அது ஓராண்டு அனுபவம். நீங்கள் போன பிறகும் அதே ஊரில், அதே கடற்கரையில் நடக்க வேண்டியவர் அவர்.

சென்ற வாரம் மூன்றாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் நானே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், “அந்தப் பையனுக்குக் காரம் ஒத்துக்குமா?” என்று கேட்டார். கொரியனிடம் கேட்கக் கூடிய கேள்வியா அது! ஆனால் நான் சிரிக்கவில்லை.

ஜூலை விடுமுறையில் கிம் என்னோடு கிள்ளானுக்கு வருகிறார். பெர்த்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருவார்கள். பாட்டி இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர். நேற்றுக் கூப்பிட்டு, “அவனுக்கு முள்கரண்டி வாங்கி வைக்கணுமா, இல்லே கையாலேயே சாப்பிட்டுக்குவானா?” என்று கேட்டார்.

“முதல் நாள் வைங்க பாட்டி. மூணாம் நாள் எடுத்துடுங்க” என்றேன்.