மாவு மில் போல ஒரு மாம்பழ மில்

மிளகாயும் மல்லியும் வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து மில்லுக்குக் கொண்டு போகிறோம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துத் தூளாக வாங்கி வருகிறோம். கடலையைச் செக்குக்குக் கொண்டு போனால் எண்ணெயும் பிண்ணாக்கும் வருகிறது. ஆனால் மாமரம் இவ்வளவு நிற்கிற எங்கள் பொம்மிடிப் பக்கத்தில், பத்துக் கிலோ மாம்பழத்தைக் கொடுத்து, கூலியும் கொடுத்து, பொங்கல் வரை கெடாத கூழாக வாங்கி வர ஓர் இடம் இல்லை. அப்படி ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். பழத்தைப் பாட்டிலில் அடைத்துப் பாதுகாக்கும் வேலையை வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்த்தது 2025 ஜூனில்தான். அந்த வருடம் ஏன் என்று விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பெங்களூரா (கிளிமூக்கு என்றும் சொல்வோம்) விலை படுத்துவிட்டது. பக்கத்து ஆந்திராவில் அரசாங்கமே தலையிட்டு, கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 8 ரூபாயை ஆலைக்காரர்கள் தரட்டும், 4 ரூபாயை நாங்கள் தருகிறோம் என்று சொல்ல வேண்டி வந்தது. வெளி மாநிலத்துப் பெங்களூரா சித்தூருக்குள் நுழையக் கூடாது என்று தடையும் போட்டார்கள்.

பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற ரகம். எல்லாத் தோப்பிலும் ஒரே சமயத்தில் முற்றும். ஆலைக்காரர் "இன்னும் நாலு நாள் கழித்து வா" என்றால் அவருக்கு நஷ்டமில்லை. வண்டியில் இருக்கும் பழம் நாலு நாள் காத்திருக்காது. பழத்தைக் கூழாக்கும் வசதி அவர் கையில் மட்டும் இருக்கிற வரை, விலையும் அவர் கையில்தான்.

எங்கள் வீட்டுச் சோதனையைச் சொல்கிறேன். தெரிந்தவர் தோப்பிலிருந்து பத்துக் கிலோ, கிலோ ஆறு ரூபாய்க்கு வாங்கி, நன்றாகப் பழுக்க வைத்தோம். தோலும் கொட்டையும் போக ஐந்தரைக் கிலோ கூழ் தேறியது. அதைக் கொதிக்க விட்டு, அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் கணக்கில் சிட்ரிக் அமிலம் சேர்த்தோம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். வெந்நீரில் கழுவி வைத்த கண்ணாடிப் பாட்டில்களில், மேலே அரை அங்குலம் இடம் விட்டு, சூட்டோடு சூடாக ஊற்றி மூடினோம். பெரிய அண்டாவின் அடியில் துணி விரித்து, பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி 20 நிமிடம் கொதிக்க வைத்தோம். எடுத்து ஆறவிட்டதும் ஒவ்வொரு மூடியும் 'டொக்' என்று உள்வாங்கியது. மொத்தம் பதினோரு பாட்டில். வாத்தியார் ரிட்டயர் ஆனதும் வீட்டில் பாட்டில் சத்தம் கேட்கிறதே என்று தெருவில் இரண்டு பேர் சிரித்தது தனிக் கதை.

இந்த வித்தைக்கு வயது இருநூறு தாண்டிவிட்டது. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கையால் இறுக்கி, வெந்நீரில் வேகவைத்துக் காட்டினார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அது ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கெடுப்பது கிருமிகள் என்று லூயி பாஸ்டர் விளக்கியதற்கு இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று.

நமக்குக் காரணம் தெரியும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் வளரும் ஒரு கிருமி உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். அதன் நஞ்சு ஆளைக் கொல்லும். பாட்டிலைப் பார்த்தாலும் மோந்தாலும் தெரியாமல்கூட இருக்கலாம். அதன் வித்துகள் வெறும் கொதிநீரில் சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். ஆனால் புளிப்பு இருக்கும் இடத்தில், அதாவது பி.எச். 4.6-க்குக் கீழே, அந்த வித்து முளைக்காது. மாம்பழத்தின் புளிப்பு ரகத்துக்கு ரகம், பழுத்த பதத்துக்குப் பதம் மாறும். தக்காளியும் அப்படித்தான், அந்த எல்லைக் கோட்டிலேயே நிற்கும். அதனால்தான் அமிலத்தை அளந்து போடுவது. கூழில் பி.எச். தாளைத் தொட்டுப் பார்த்து, 4-க்குக் கீழே என்று தெரிந்த பிறகுதான் நான் பாட்டிலில் ஊற்ற விட்டேன். பீன்ஸ், சோளம், கறிக் குழம்பு எதையும் இந்த முறையில் அடைக்கவே கூடாது. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே செய்பவர்கள் கூடுதல் நேரம் வைக்க வேண்டும்.

கூழ் நன்றாகத்தான் இருந்தது. தை மாதத்தில் திறந்து கேசரியில் போட்டோம், பேரன் பேத்திகள் பாலில் கலந்து குடித்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழம் 60 ரூபாய். பாட்டில், ஒன்று 25 வீதம், 275 ரூபாய். பாட்டில் திரும்ப உதவும் என்றாலும் மூடி ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும். இதற்கு மேல் கேஸ். காலை ஒன்பதுக்குத் தொடங்கிய வேலை முடியும்போது மணி இரண்டரை. அதில் முக்கால் பங்கு என் மனைவி தலையில். "ஏங்க, பதினோரு பாட்டிலுக்கு ஒரு பகல் போச்சு. நூறு பாட்டில்னா என்னைத் தேடிக்காதீங்க" என்றாள். ஆசைக்கு ஒரு தடவை செய்யலாம். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒவ்வொரு ஜூனிலும் இப்படிச் செய்யட்டும் என்று உபதேசம் செய்வது நியாயமில்லை.

"சார், வெயில் சும்மா கிடைக்குது, மாங்காயை வத்தல் போட வேண்டியதுதானே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். காய்க்கு அது சரி. உப்பும் வெயிலும் நம் பாட்டிமார் கண்ட வழி. ஊறுகாயும் வற்றலும் அதனால்தான் நிற்கின்றன. ஆனால் விலை விழுகிற சமயத்தில் மரத்தில் இருப்பது பழுக்கப் போகிற சரக்கு. பழத்தைப் பழமாகவே காப்பாற்ற வெப்பமும் புளிப்பும் இறுக்கமான மூடியும் வேண்டும்.

அதனால்தான் மில் என்கிறேன். கூழ் எடுக்கும் இயந்திரம், நீராவிக் கொதிகலன், பி.எச். மீட்டர், மூடி இறுக்கும் கருவி, பயிற்சி பெற்ற இரண்டு பேர். பழத்தோடு வந்து, கூலி கொடுத்து, பாட்டிலோடு போக வேண்டும்.

இது புதுக் கற்பனை இல்லை. இமாசலப் பிரதேசத் தோட்டக்கலைத் துறை, மக்கள் கொண்டுவரும் பழத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதப்படுத்திக் கொடுக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் அரசுச் சமுதாயப் பழப் பதப்படுத்தும் நிலையங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கிராம மாதர் சங்கங்கள் ஊர் ஊராகப் பொது நிலையங்கள் வைத்து, 1940 முதல் 1945 வரை 5,000 டன்னுக்கு மேல் பழத்தை ஜாமாகவும் டின்னிலும் காப்பாற்றின. அங்கே முடிந்தது ஏன் என்றால், கருவி பொதுவாக இருந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது.

நம்மிடம் இரண்டுக்கும் வழி இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய நுண் உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம், இப்படிப்பட்ட பொது வசதிகளுக்கு 35 சதவீத மானியம் என்று விதி வகுத்தது.

ஒரு மில் வந்துவிட்டால் பெங்களூரா விலை ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. லாரி லாரியாக வரும் பழத்தை ஆலைதான் வாங்க வேண்டும்; அந்த விலைக்குத் தனியாகப் போராடத்தான் வேண்டும். ஆனால் ஐந்து மரம், பத்து மரம் வைத்திருக்கிற குடும்பம் விற்காத பழத்தை மாட்டுக்குக் கொட்டாமல், தன் வீட்டுக்கும் உறவுக்கும் வைத்துக்கொள்ளும். மகளிர் குழு முறைப்படி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து விற்கவும் செய்யலாம். "இந்த விலைக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்ல, விற்காத பழத்துக்கு வேறு போக்கிடம் இருக்க வேண்டும் அல்லவா?

ஆகஸ்ட் 15 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடும். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீரோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நானும் எங்கள் ஊரில் கொடுக்கப் போகிறேன். நிலையம் வந்தால் பி.எச். பார்க்கக் கற்றுக்கொடுக்க இந்த வாத்தியார் வருவார், சம்பளம் வேண்டாம்.