பயிற்சி பெற்ற கைகள்

அமெரிக்காவின் சியாட்டில், டகோமா பகுதிகளில் 1970களின் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டம் போட்டவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு. அவர்கள் கண்ட வழிதான் ‘மாஸ்டர் கார்டனர்’ திட்டம்: மண், பூச்சி, நோய், கவாத்து பற்றிப் பொதுமக்களுக்குப் பாடம் நடத்துவது, கைம்மாறாக, குறிப்பிட்ட மணி நேரம் ஊருக்கு உழைப்பதாக உறுதி வாங்குவது. 1973இல் முதல் அணி பயிற்சி பெற்றது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இத்திட்டம் நடக்கிறது.

இத்தகைய பயிற்சி ஏன் தேவை? பொதுத் தோட்டங்களுக்கு ஆர்வலர்கள் கிடைத்துவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள்தான் குறைவு. பயிற்சி இல்லாதவர்கள் மூடாக்கை அடிமரத்தைச் சுற்றி மேடாகக் குவிக்கிறார்கள். பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகுகிறது. கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டுகிறார்கள். கிளை புறப்படும் இடத்துப் புடைப்பும் சேர்ந்து போய்விடுவதால் காயம் மூடத் தாமதமாகி, பூஞ்சை நுழைகிறது. அன்போடு செய்யப்படும் தவறுகள் இவை. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்றால் மரம் பிழைக்கும், உடன் வேலை செய்பவருக்கும் கை பழகும். அப்படிப்பட்டவரிடம் குப்பைப் பையை மட்டும் நீட்டுவது எந்தப் பூங்கா நிர்வாகத்துக்கும் அழகல்ல. நோயறியவும் கவாத்தைத் திட்டமிடவும் அவரை அழைக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தன்னார்வலர் வருகிறார் என்பதற்காகச் சம்பளத் தோட்டக்காரரின் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருப்பது அநியாயம். கோடையில் தினமும் தண்ணீர் பாய்ச்ச ஊதியம் பெறும் ஆள் வேண்டும். இதை நகர நிர்வாகங்களிடம் முதலில் வலியுறுத்த வேண்டியவர்கள் இந்தப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே.