மணல் இங்கே, புகை எங்கே?

மணவாளக்குறிச்சிக் கருமணல் உலக வணிகத்துட் புகுந்தது தென்னைநார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டுதான். திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் படிந்திருந்த மணலில் மோனசைட்டு உண்டென 1909-இல் செருமானிய வேதியியலார் சோம்பர்க்கு கண்டார். பின்னர் அவரே இவ்வூரில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார். மேலைநாட்டு எரிவளி விளக்குகளின் வலைத்திரி ஒளிர்தற்கு வேண்டிய தோரியத்தை நம் கரை ஈந்தது. 1956-இல் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. 1965-இல் ஆலை இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆள்வோர் மாறினர். வணிகத்தின் போக்கு மாறிற்றா?

ஆலை செய்வது மணலைப் பிரிப்பதே. பிரித்தெடுக்கும் இல்மனைட்டில் இரும்பும் தைத்தானியமும் உயிர்வளியோடு பிணைந்து கிடக்கின்றன. இரும்பை நீக்க, நிலக்கரியோடு சேர்த்துக் கடுவெப்பத்தில் வாட்டல் வேண்டும். அன்றேல் கந்தகக் காடியில் கரைத்தல் வேண்டும். வாட்டுங்கால் கரி உயிர்வளியைப் பற்றிக்கொண்டு கரியமில வளியாய் வானேறும். இப்படிப் பல படிகள் கடந்து வரும் வெண்தூளே சுவர்ப்பூச்சுக்கும் தாளுக்கும் நெகிழிக்கும் வெண்மை தருவது. ஊதியமெல்லாம் அத்தூளில், புகையும் அத்தூளை ஆக்கும் இடத்தில்.

அப்புகை யார் கணக்கில் ஏறும்? 1992-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையின் வழிவந்த கணக்குமுறைப்படி, எந்நாட்டு மண்ணில் எழுந்ததோ அந்நாட்டின் தலையில். நுகர்ந்தவன் பெயர் அதில் இராது. பன்னாட்டுக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது! உலகக் கரியுமிழ்வில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, ஒரு நாட்டில் ஆக்கி மறுநாட்டில் நுகரும் பொருள்களால் எழுவது. செல்வ நாடுகள் சில, பொருள்வளர்ச்சி கூடியது, புகை குறைந்தது என்று பெருமை பேசுகின்றன. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் ஒரு பகுதி, அடுத்த வீட்டு அடுப்பில் சோறாக்கி உண்டுவிட்டு என் கூரையில் புகையில்லை என்பான் பேச்சே. ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் எஃகு, அலுமினியம், சிமிட்டி, உரம் முதலியவற்றின் மேல் எல்லைக் கரிக்கட்டணம் விதித்துள்ளது. இருநூறாண்டு புகைத்தவர் கருவூலத்துக்கே அப்பணமும் போகிறது என்பது என்ன நயன்மையோ!

அதற்காக, வணிகமே தீது, எல்லாம் இங்கேயே ஆக்குவோம் என்று முழங்குவதும் பொருந்தாது. நார்வேயில் இல்மனைட்டை உருக்கும் உலைக்கு அருவிநீர் மின்னாற்றல் உண்டு. நிலக்கரி மின்னாற்றலால் நாம் உருக்கினால் புகை மிகும். ஆனால் இதே குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீணே வீசவில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் காடாய் நிற்கின்றன. புதுவகைக் காற்றாலைகள் பலவற்றின் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் மோனசைட்டில் உள்ளது. தாதுவும் காற்றும் ஒரே மாவட்டத்தில். காந்தத்துக்கோ சீனத்தின் வாயில் காத்திருக்கிறோம். 2025 ஏப்பிரலில் சீனம் அக்காந்த ஏற்றுமதிக்குக் கடிவாளமிட்டதும் தில்லி திடுக்கிட்டது. சப்பானுக்கு அருமண் அனுப்புவதை நிறுத்துமாறு அருமணல் நிறுவனத்திடம் கூறியதாகச் சூனில் செய்தி வந்தது. பிரிக்கும் ஆலை தோன்றி ஒரு நூற்றாண்டு கழிந்தபின் வந்த விழிப்பு இது. காற்று மின்னாற்றலைக் கொண்டு குமரியிலேயே காந்தம் வரை ஆக்கும் தொழிலைக் கேட்பது நம் உரிமை. அதற்கும் கரையைத் தோண்டவே வேண்டும் என்பதை மறைத்துப் பேசலாகாது.

கிள்ளியூர் வட்டக் கடலோரத்தில் 1144 எக்டேரில் மணல் அள்ள அந்நிறுவனம் முயன்றபோது, 2024-இல் மீனவர் உள்ளிட்ட மக்கள் எதிர்த்தெழுந்தனர். வளர்ச்சிக்குப் பகைவர் என அவர்களை ஏசுவோர், அம்மணல் எந்நாட்டுக்கு என்ன விலைக்குப் போகிறது, என்னவாகி என்ன விலைக்குத் திரும்புகிறது என்ற கணக்கை முதலில் ஊர்மன்றத்தில் தமிழில் எழுதி வைக்கட்டும்.