லைசென்ஸ் இருந்தால் கல்லூரிக்குள் துப்பாக்கி கொண்டு போகலாமா? சட்டம் சொல்வது என்ன... நம்ம ஊரின் உண்மையான பிரச்னை எது?

"அம்மா, இங்க கிளாஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் சட்டைக்குள்ள துப்பாக்கி இருக்கலாம். சட்டப்படி அதுல தப்பில்லை."

டெக்சாஸில் மேற்படிப்புக்குப் போன பிள்ளை வீடியோ காலில் இப்படிச் சொன்னால், மதுரை கே.கே.நகரில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? "நல்ல வேளை, நம்ம ஊர்ல அப்படி இல்லப்பா" என்றுதான் முதலில் தோன்றும்.

அது பாதி உண்மை. துப்பாக்கி விஷயத்தில் நம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் தென் மாவட்டங்களில் மாணவர்களின் பைக்குள் இருந்து வெளியே வருவது துப்பாக்கி அல்ல, அரிவாள். அங்கேதான் சட்டம் தடுமாறுகிறது. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தியாவில் துப்பாக்கி லைசென்ஸ் யாருக்கு கிடைக்கும்?

துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் உரிமை அல்ல, அனுமதி. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை.

21 வயது நிறைவடையாதவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. முன்பு இந்த வயது வரம்பு 16 ஆக இருந்தது. 1983-ல் கொண்டுவந்த திருத்தம்தான் அதை 21 ஆக உயர்த்தியது. இளநிலை படிக்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரு விதியிலேயே வெளியே போய்விடுகிறார்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டில் பயிற்சி எடுக்கும் சிறுவர்களுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு.

மதுரை மாநகருக்குள் இருப்பவர் என்றால் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கம் என்றால் கலெக்டரிடம். உள்ளூர் காவல் நிலையத்தின் அறிக்கை வந்த பிறகுதான் முடிவு எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் சொல்ல வேண்டும். "ஆசையா இருக்கு" என்பது காரணம் ஆகாது.

2019-ல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு, மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

லைசென்ஸ் இருக்கு. கேம்பஸுக்குள் போகலாமா?

கூடாது.

லைசென்ஸ் படிவத்திலேயே நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். அதில் ஒன்று: அதிகாரியின் சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கு ஆயுதத்தை எடுத்துச் செல்லக் கூடாது. கல்வி நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளும் எடுத்துச் செல்லக் கூடாது. மாணவர், பேராசிரியர், பிள்ளையை விட வந்த பெற்றோர், தாளாளரைப் பார்க்க வந்த பிரமுகர் என யாராக இருந்தாலும் இதே விதிதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் "மறைத்து எடுத்துச் செல்லலாமா, வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லலாமா" என்பது பெரிய விவாதம். இந்திய விதியோ, பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலோ பையிலோ முழுவதுமாக மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறது. ஆக, இங்கே கேள்வி மறைப்பதா காட்டுவதா என்பதல்ல. எந்த இடத்துக்குக் கொண்டு போகிறீர்கள் என்பதுதான்.

மீறினால் என்ன தண்டனை? லைசென்ஸ் நிபந்தனையை மீறுவதற்கு ஆயுதச் சட்டத்தின் 30-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2,000 ரூபாய்! இன்றைக்கு அது ஒரு செமஸ்டர் பஸ் கட்டணத்துக்குக்கூட காணாது. லைசென்ஸை ரத்து செய்யலாம் என்பதுதான் உண்மையில் பயப்பட வைக்கும் தண்டனை.

அப்போ என்சிசி மாணவர்கள் துப்பாக்கி பிடிக்கிறார்களே?

நல்ல கேள்வி. தேசிய மாணவர் படையினர் தங்கள் பணியின் ஒரு பகுதியாக ஆயுதம் கையாள 45-வது பிரிவு விலக்கு தருகிறது. பயிற்சி முடிந்ததும் அந்தத் துப்பாக்கி படையின் பாதுகாப்புக்குத் திரும்பிவிடும். மாணவரின் சொந்தப் பொறுப்பில் இருக்காது.

இவ்வளவு இருந்தும் இந்திய வகுப்பறையில் துப்பாக்கி வெடித்ததே இல்லையா?

வெடித்திருக்கிறது. 2007 டிசம்பரில் டெல்லியை அடுத்த குருகிராமில் ஒரு தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு மாணவனை சக மாணவர்களே சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவனின் அப்பா வைத்திருந்த துப்பாக்கி அது. 2023 மே மாதம் கிரேட்டர் நொய்டாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் சக மாணவியைச் சுட்டுக் கொன்றுவிட்டு தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். 2024 ஜூலையில் பீகாரின் சுபவுல் மாவட்டத்தில் நர்சரி படிக்கும் 5 வயதுச் சிறுவன் பையில் துப்பாக்கியுடன் வந்து, 10 வயது மாணவன் ஒருவனைச் சுட்டுக் காயப்படுத்தினான்.

5 வயதுப் பிள்ளைக்கு ஆயுதச் சட்டம் தெரியாது. வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் ஆயுதம் இருந்தால் அது ஒருநாள் ஸ்கூல் பைக்குள் ஏறும். இந்த இடத்தை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் என்னதான் சட்டம்?

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2004-லேயே யூட்டா மாநிலம் கல்லூரிக்குள் துப்பாக்கியை அனுமதித்தது. டெக்சாஸில் 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில், லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று சொல்லலாம், பெரும்பாலானவை அப்படித்தான் சொல்லின. கன்சாஸ், ஜார்ஜியா ஆகிய மாநிலங்கள் 2017-ல் இந்த வரிசையில் சேர்ந்தன. மேற்கு வர்ஜீனியா 2024-ல் சேர்ந்தது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் தடை செய்கின்றன.

டெக்சாஸ் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதியைக் கவனியுங்கள். சரியாக 50 ஆண்டுகளுக்கு முன்பு, 1966 ஆகஸ்ட் 1-ம் தேதிதான் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவர் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார்.

"நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவரைத் தடுக்கலாம்" என்பது ஆதரவாளர்களின் வாதம். 2007 ஏப்ரல் 16-ம் தேதி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட பிறகு இந்த வாதம் வேகம் எடுத்தது. அந்த 32 பேரில் ஒருவர் நம்மவர். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்த பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே அவர் உயிர் போனது.

எதிர்ப்பவர்கள் கேட்பது வேறு. போலீஸ் உள்ளே நுழையும்போது கையில் துப்பாக்கியுடன் 3 பேர் நின்றால், யார் கொலையாளி, யார் காப்பாற்ற வந்தவர் என்று எப்படித் தெரியும்? மதிப்பெண் தகராறு, காதல் தோல்வி, குடிபோதை எல்லாம் இருக்கிற இடத்தில் துப்பாக்கியும் வேண்டுமா?

பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றை மட்டும் அவசியம் சொல்லி அனுப்புங்கள். எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகவே அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. "ரூம்மேட் வெச்சிருக்கான், ரேஞ்சுக்குப் போய் நானும் சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன்" என்பது விசாவுக்கே வேட்டு வைத்துவிடலாம்.

சரி, மதுரைக்கு வருவோம். அரிவாள் ஆயுதமா, கருவியா?

நம் பக்கத்தின் பிரச்னை இதுதான். மதுரையில் இருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கும் திருப்பாச்சேத்தியின் அரிவாளுக்கு தமிழ்நாடு முழுக்கப் பேர் உண்டு. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு அரிவாளை நேர்த்திக்கடனாகச் செலுத்துகிறார்கள். தென்னை மட்டை கழிக்கவும், வேலிக்கருவை வெட்டவும், இளநீர் சீவவும் அரிவாள் இல்லாமல் இங்கே பிழைப்பு ஓடாது.

இதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டும் கருவி ஆயுதம் என்ற வகைக்குள் வரும். ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உருவாக்கப்பட்டவை அதில் சேராது.

விளைவு? துப்பாக்கி கையில் இருந்தாலே போதும், லைசென்ஸ் எங்கே என்று கேட்கலாம். அரிவாளுக்கு அப்படிக் கேட்க முடியாது. அது வயலில் இருந்தால் கருவி, கல்லூரிப் பையில் இருந்தால் ஆயுதம் என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் "தோப்புக்குப் போய்ட்டு அப்படியே வந்தேன் சார்" என்று சொல்லும்போது, அது பொய் என்று நிரூபிக்கும் வேலை போலீஸுக்கு வந்துவிடுகிறது. வெட்டிய பிறகு, ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துதல், கொலை முயற்சி என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவுகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்பு கையைப் பிடிக்கத்தான் சட்டம் பலவீனமாக இருக்கிறது.

அதன் விலையைப் பார்த்துவிட்டோம்:

• 2019 ஜூலை: சென்னை அரும்பாக்கத்தில் பட்டப்பகலில், ஓடும் பஸ்ஸில் கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்தியுடன் மோதல்.

• 2023 ஆகஸ்ட் 9: நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் 12-ம் வகுப்பு பட்டியலின மாணவரையும் அவரது தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது உடன் படித்தவர்கள்.

• 2025 மார்ச்: தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுத பஸ்ஸில் போன 11-ம் வகுப்பு பட்டியலின மாணவரை இறக்கி வெட்டியதில் விரல்கள் துண்டாகின.

• 2025 ஏப்ரல்: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு மாணவன் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். தகராறு தொடங்கியது ஒரு பென்சிலில்.

அரசு என்ன செய்தது?

இரண்டு வழிகளில் முயற்சி நடந்தது. ஒன்று, அரிவாள் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது. 2021 செப்டம்பரில் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, அரிவாள், கத்தி செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குவோரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும், பட்டறையில் சிசிடிவி வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

நல்ல யோசனைதான். ஆனால் குருகிராமை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் துப்பாக்கியைக் கடையில் வாங்கவில்லை, வீட்டில் இருந்து எடுத்தார்கள். அரிவாளும் அப்படித்தான். வீட்டு எரவானத்தில் செருகி வைத்த அரிவாளுக்கு எந்தப் பட்டறையின் பதிவேடும் தடை போடாது.

இரண்டாவது, அரிவாளை எடுக்கவைக்கும் பகையைக் கட்டுப்படுத்துவது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் 18-ம் தேதி முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது என்பவை அதன் முக்கியமான பரிந்துரைகள். அறிக்கை வந்த வேகத்தில் ஆதரவும் வந்தது, எதிர்ப்பும் வந்தது.

அப்போ என்ன வழி? தினமும் பையைச் சோதித்தால் போதாதா?

பை சோதனை ஓரளவு உதவும். ஆனால் நாங்குநேரியில் வெட்டு விழுந்தது வீட்டில், ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸில். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அந்த இரண்டையும் தடுத்திருக்க முடியாது. தவிர, சில தெருக்காரப் பிள்ளைகளின் பையை மட்டும் துழாவ ஆரம்பித்தால் அதுவே அடுத்த பகைக்கு விதை.

நாங்குநேரியில் பாதிக்கப்பட்ட மாணவர், தாக்குதலுக்கு முன்பே சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகத் தயங்கியவர். அதுதான் மணி அடித்த நேரம். அரிவாள் வருவதற்கு முன்பே எங்கேயோ ஒரு கேலி, ஒரு மிரட்டல், ஒரு இன்ஸ்டா ரீல்ஸ், தொடர்ந்து லீவு போடும் ஒரு பிள்ளை என்று அறிகுறிகள் வந்துவிடுகின்றன. அதைப் பார்க்க பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு ஆள் இருக்கிறாரா? பிள்ளை போய்ச் சொன்னால் சாதி பார்க்காமல் கேட்பாரா? குழந்தைகளுக்கான 1098 உதவி எண் அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

பெற்றோருக்கு வேலை இன்னும் எளிது. துப்பாக்கி இருந்தால் பூட்டி வையுங்கள் என்று சொல்வோம் இல்லையா? அரிவாளுக்கும் அதே பூட்டுதான். பிள்ளை ஏன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான் என்று கேளுங்கள். பிள்ளையின் பையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் என்ன என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை வெட்டுப்படுவான் என்று மட்டும் பயப்படாதீர்கள். வெட்டுபவனாகவும் ஆகலாம்.

துப்பாக்கியைக் கல்லூரி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது நம் சட்டம். அது சின்ன விஷயம் இல்லை. டெக்சாஸில் பிள்ளையை விட்டிருக்கும் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். ஆனால் அரிவாளை வாசலில் நிறுத்தும் வேலையைச் சட்டம் மட்டும் செய்யாது. அது வீட்டிலேயே தொடங்க வேண்டிய வேலை.